அக்காவின் மாஸ்டா சிவப்பை ஆர்சி பாடியில் கொண்டுவருவது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். அக்காவிடம் 2019-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5, கறுப்புத் துணிக்கூரை வைத்த சிவப்புக் கார் இருக்கிறது. அதே காரின் 1/10 அளவு ஆர்சி மாடலுக்கான (ரிமோட்டில் ஓட்டும் மாடல் கார்), டாமியா நிறுவனத்தின் பாலிகார்பனேட் பாடியை, அதாவது நிறமற்ற பிளாஸ்டிக் மேல்கூட்டை, வாங்கி வைத்திருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் அவருடைய பிறந்தநாள். பெயின்ட் கடையில் காரின் நிறக் குறியீட்டைச் சொல்லி கீறலை மறைக்க விற்கும் டச்-அப் பாட்டில் ஒன்றை வாங்கி, பெயின்ட்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷில் அடித்துவிட்டால் போதுமா, அல்லது டாமியா ஸ்ப்ரே வரிசையில் இதற்கு நேரான எண் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, இரண்டு கேள்விக்கும் என் பதில் ‘இல்லை’ என்பதுதான். குறியீட்டுப்படி கலந்த பெயின்ட் இந்தப் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் அந்த நிறத்தைக் காட்டாது; எந்த ஒரு கேனும் தனியாக அந்தச் சிவப்பைத் தராது. ஆனால் மூன்று கேன்களைச் சரியான வரிசையில் அடித்தால், நாலடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இது அக்காவின் கார் என்று உடனே தெரியும் அளவுக்குக் கொண்டுவரலாம். எத்தனை கோட் என்பதைப் பாடியிலிருந்து வெட்டி எறியப்போகும் துண்டுகள்தான் உங்களுக்குச் சொல்லும். ஆகவே அந்தத் துண்டுகளை எறியாதீர்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் எந்தச் சிவப்பு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ‘சோல் ரெட்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் இரண்டு நிறங்கள் உண்டு. 2012-இல் மாஸ்டா 6 காருடன் வந்தது சோல் ரெட் பிரீமியம். அதன் குறியீடு 41வி. 2016 இறுதியில் புதிய சிஎக்ஸ்-5 காருடன் அறிமுகமானது சோல் ரெட் கிரிஸ்டல், குறியீடு 46வி. முந்தையதைவிட நிறச்செறிவு சுமார் 20 சதவீதமும் ஆழம் சுமார் 50 சதவீதமும் கூடியது என்று மாஸ்டாவே அறிவித்தது. இப்போதைய தலைமுறை எம்எக்ஸ்-5 2015-இல் வந்தபோது 41வி-தான் பூசப்பட்டது. பிறகுதான் 46வி-க்கு மாறினார்கள். 2019 கார் என்றால் 46வி ஆகத்தான் இருக்க வேண்டும். என்றாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ இஞ்சின் பகுதியிலோ உள்ள தகட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும்: 46வி வெயிலில் சுடர்விடும், நிழலில் கிட்டத்தட்ட அரக்கு நிறத்துக்கு இறங்கும்.

அந்தச் சுடரும் இருளும் எங்கிருந்து வருகின்றன என்று புரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. சாதாரணச் சிவப்புப் பெயின்ட்டில் நிறமே மேலே நிற்கிறது. 46வி அப்படியல்ல. அடியில் மிக மெல்லிய அலுமினியத் துகள்கள் கொண்ட ஒரு படலம் இருக்கிறது; அதே படலத்தில் ஒளியை உறிஞ்சும் துகள்களும் கலந்திருக்கின்றன. அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்புப் படலம். எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சு. வெளிச்சம் சிவப்பின் வழியே உள்ளே போய், அலுமினியத்தில் பட்டு, மறுபடியும் சிவப்பின் வழியே வெளியே வருகிறது. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளித்தாளை வைத்தது போல. நேராகப் பார்க்கும்போது அலுமினியம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சாய்த்துப் பார்க்கும்போது அது குறைந்து, உறிஞ்சும் துகள்களின் இருட்டு முன்னுக்கு வருகிறது. மட்கார்டின் வளைவில் ஒரு விரல்கடை தூரத்துக்குள் நெருப்புச் சிவப்பு மாதுளைச் சிவப்பாக மாறுவது அதனால்தான்.

இப்போது உங்கள் பாடியைக் கையில் எடுங்கள். அது நிறமற்ற பாலிகார்பனேட். நம்மில் பலர் லெக்சான் என்றே சொல்கிறோம். பெயின்ட்டை அதன் உட்புறத்தில் அடிக்கிறோம். மோதலிலும் உரசலிலும் பெயின்ட் பிழைத்திருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே முதலில் அடித்ததுதான் வெளியே தெரியும். கடைசியாக அடித்தது எல்லாவற்றுக்கும் பின்னால் போய்விடும். உண்மைக் காரில் தகரத்திலிருந்து மேலே வரும் வரிசையை இங்கே தலைகீழாக்க வேண்டும். கிளியர் கோட் தேவையே இல்லை, பிளாஸ்டிக்கே கிளியர் கோட். அதற்குப் பின்னால் ஒளி ஊடுருவும் சிவப்பு, அதற்குப் பின்னால் வெள்ளி, அதற்கும் பின்னால் இருட்டுக்குக் கறுப்பு. மாஸ்டா தன் தொழிற்சாலையில் கீழிருந்து கட்டுவதை நீங்கள் மேலிருந்து கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். இந்த வகை நிறம் பாலிகார்பனேட்டில் வெகு அழகாக வருவதற்கும் அதுவே காரணம். வெளியே அடித்து மெருகேற்றிப் பெற வேண்டிய பளபளப்பு இங்கே முன்கூட்டியே இருக்கிறது.

டச்-அப் பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அந்த வழியில் போயிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் காரின் நீலத்தைக் குறியீட்டுப்படி கலக்கி வாங்கினேன். கலந்து கொடுத்தவர் மேல் எந்தக் குறையும் இல்லை. ஒரு தகரத் துண்டில் அடித்துப் பார்த்தபோது காரின் கதவோடு அப்படியே ஒத்துப்போனது. வீட்டுக்கு வந்து லெக்கர் தின்னரில் கரைத்து பாடிக்குள் அடித்தேன். மறுநாள் காலையில் மட்கார்டு வளைவுகளில் பிளாஸ்டிக் பால்போல் மங்கியிருந்தது. உற்றுப் பார்த்தால் மயிரிழை விரிசல்கள். வீரியம் மிகுந்த தின்னர் பாலிகார்பனேட்டைத் தின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து வண்டி நடைபாதை விளிம்பில் ஒருமுறைதான் மோதியது, முன்பக்கத்தில் பெயின்ட் முட்டை ஓடுபோலப் பொலபொலவென்று உதிர்ந்தது. தகரத்துக்காகச் செய்த பெயின்ட், மோதும்போதெல்லாம் வளைந்து நிமிரும் இந்தப் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வளையாது. கைதேர்ந்த சிலர் கார் பெயின்ட்டில் நிறம் தரும் பேஸ் கோட்டை மெலிதாக, மிதமான தின்னரோடு தூவி, பின்னால் பாலிகார்பனேட் பெயின்ட் அடித்துத் தாங்குவார்கள். அது நடக்கும். முதல் பாடியில் அதை முயல வேண்டாம். அதைவிடவும் உங்கள் விஷயத்தில் இன்னொரு தடை இருக்கிறது: 46வி-யின் டச்-அப் என்பது ஒரே பாட்டில் அல்ல. அடிப்படலத்துக்கு ஒன்று, சிவப்புப் படலத்துக்கு ஒன்று என்று இரண்டு. ஒரே பாட்டிலில் யாராவது தந்தால் அது தோராயம்.

ஆகவே கேன்கள். டாமியாவின் பிஎஸ் வரிசை பாலிகார்பனேட்டுக்கென்றே செய்தது. காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும். உங்களுக்கு வேண்டியவை பிஎஸ்-37 ஒளி ஊடுருவும் சிவப்பு, பிஎஸ்-12 வெள்ளி, பிஎஸ்-5 கறுப்பு. கூடவே பிஎஸ்-43 ஒளி ஊடுருவும் ஆரஞ்சு ஒன்றும் இருந்தால் நல்லது. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். டிஎஸ் என்று தொடங்கும் கேன்களைத் தவறியும் எடுத்துவிடாதீர்கள். அவை கெட்டி பிளாஸ்டிக்குக்கானவை. லெக்சானில் ஒட்டியதுபோல் தெரியும், பிறகு உரிந்துவிடும். கடை அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மூடி நிறத்தைப் பார்த்து எடுக்காமல் எழுத்தைப் பார்த்து எடுங்கள். ஏர்பிரஷ் பழகியிருந்தால் தண்ணீரில் கரையும் ஃபாஸ்கலர் போன்ற பாலிகார்பனேட் பெயின்ட்களில் இன்னும் நுணுக்கமாகக் கலக்கலாம். கொள்கை ஒன்றே, நான் கீழே கேன்களை வைத்தே சொல்கிறேன்.

இனி துண்டுகள். பாடியை வெட்டுக்கோட்டில் வெட்டும்போது கீழ்விளிம்பில் நீளமான பட்டைகளும் சக்கர வளைவுகளில் நான்கு பிறை வடிவத் துண்டுகளும் கிடைக்கும். அதே பிளாஸ்டிக், அதே கனம், வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் அதே பாதுகாப்புப் படலம். இதைவிட நேர்மையான மாதிரி அட்டை எந்தக் கடையிலும் விற்பதில்லை. தட்டையான பட்டை ஒன்று, கொஞ்சமாவது வளைந்த பட்டை ஒன்று என எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் கழுவிக் காய வையுங்கள்.

முதல் பட்டையை நான்கு கட்டங்களாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். உட்புறத்தில் முழுப்பட்டைக்கும் சிவப்பு ஒரு கோட். காய்ந்ததும் முதல் கட்டத்தை மாஸ்கிங் டேப்பால் மூடி இரண்டாவது கோட். பிறகு இரண்டாவது கட்டத்தையும் மூடி மூன்றாவது. மூன்றாவதையும் மூடி நான்காவது. டேப்பை எல்லாம் உரித்தால் ஒரே பட்டையில் ஒன்று முதல் நான்கு கோட் வரை ஏணிப்படி போல் வரிசையாக இருக்கும். இப்போது முழுப்பட்டைக்கும் வெள்ளியை மெலிதாகத் தூவுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லேசாக ஒளி கசிய வேண்டும், அந்த அளவு. அது காய்ந்ததும் பட்டையின் நீளவாக்கில் கீழ்ப்பாதியை டேப்பால் மூடி, மேல்பாதிக்கு மட்டும் இன்னும் ஒரு கோட் வெள்ளி. கடைசியில் டேப்பை எடுத்து முழுவதும் கறுப்பு. திருப்பிப் பாதுகாப்புப் படலத்தை உரியுங்கள். எட்டுச் சிவப்புகள் உங்கள் கையில் இருக்கும். முதல்முறை இதைச் செய்யும்போது மனம் துள்ளும். இத்தனை வேறுபாடு ஒரே மூன்று கேன்களிலிருந்தா என்று இருக்கும்.

வெள்ளி மெலிந்த பாதியைக் கவனியுங்கள். துகள்களின் இடைவெளியில் பின்னாலுள்ள கறுப்பு எட்டிப் பார்க்கும். நேராகப் பிடித்தால் சிவப்பு எரியும், சாய்த்தால் இருளும். மாஸ்டா ஒளியை உறிஞ்சும் துகள்களைக் கலந்து பெறும் அந்த இறக்கத்தை நமக்கு இந்த இடைவெளி தருகிறது. வெள்ளி கனத்த பாதி எந்தக் கோணத்திலும் ஒரே சீராக மின்னும். அது கிறிஸ்துமஸ் அலங்கார உருண்டையின் சிவப்பு, காரின் சிவப்பு அல்ல. காரின் தகட்டில் 41வி என்று இருந்தால் இரண்டுக்கும் நடுவில் வெள்ளியை நிறுத்துங்கள்.

பட்டையை எடுத்துக்கொண்டு அக்காவின் காரிடம் போங்கள். போகும் முன் பட்டையின் வெட்டு விளிம்புகளில் டேப் ஒட்டிவிடுங்கள். அவை பிளேடு மாதிரி இருக்கும், காரைக் கீறிவிடக் கூடாது. காரில் தூசி இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றித் துடையுங்கள். நேர் வெயிலிலும் ஒப்பிடாதீர்கள், மாலையில் டியூப் லைட்டின் கீழும் ஒப்பிடாதீர்கள். காலை எட்டு ஒன்பது மணிக்கு, வானம் தெரியும் திறந்த நிழலில் காரை நிறுத்திச் சொல்லுங்கள். ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும் இரண்டு பெயின்ட்கள் இன்னொரு விளக்கில் அந்நியர்களாகிவிடும், ஏனென்றால் அவற்றுக்குள் இருக்கும் நிறமிகள் வேறு. பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போவதே முதல் தேவை. வீட்டு விளக்கில் கொஞ்சம் விலகினால் பரவாயில்லை.

மூன்று கோணங்களில் பாருங்கள். நேருக்கு நேர், பாதி சாய்வில், பிறகு கண்ணை காரின் உடலோடு கிட்டத்தட்ட ஒட்டவைத்துக் கிடையாக. பெயின்ட் பட்டறைகளில் உள்ள நிறமானிகளும் மெட்டாலிக் நிறத்தைப் பல கோணங்களில்தான் அளக்கின்றன. ஒரே கோணத்தில் ஒத்துப்போவது மெட்டாலிக்கில் பொருளற்றது. நேர்ப்பார்வையில் உங்கள் பட்டை ரோஜாப்பக்கம் சாய்ந்தால், சிவப்புக்கு முன்னோ பின்னோ ஆரஞ்சை ஒரே ஒரு மெல்லிய தூவலாகச் சேர்த்து இன்னொரு பட்டை செய்யுங்கள். அந்தக் கூடுதல் கேன் அதற்குத்தான். இரண்டும் ஒளி ஊடுருவுவதால் எது முன்னே நின்றாலும் பெரிய மாற்றமில்லை. கைப்பேசியில் படமெடுத்து, படத்தோடு பட்டையை ஒப்பிடும் வேலை மட்டும் வேண்டாம். கேமரா தன்பாட்டுக்கு நிறத்தைத் திருத்திவிடும். சிவப்பில்தான் அது அதிகம் ஏமாற்றும்.

இங்கே என் அனுபவத்தில் பிறந்த ஒரு கருத்தைச் சேர்க்கிறேன். இதை ஏற்காதவர்களும் உண்டு. காரின் மேல் வைத்து மிகச் சரியாக ஒத்துப்போகும் கட்டத்தைப் பாடிக்கு நான் பயன்படுத்துவதில்லை, அதைவிட ஒரு படி வெளிறியதைத்தான் பயன்படுத்துகிறேன். மீட்டர் கணக்கில் அகலமான பானட் வானத்தையே பிரதிபலிக்கிறது. அலமாரியில் நிற்கும் ஒரு சாண் பானட்டுக்குக் கூரையும் ஒரு விளக்கும்தான் கிடைக்கும். அதே ஆழச் சிவப்பு அங்கே காப்பிக்கொட்டை நிறமாகிவிடுகிறது. நான்கு கோட் ஒத்துப்போனால் மூன்று அடியுங்கள். மூன்று ஒத்துப்போனால் இரண்டு. வெளிர் நிறங்களுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை. துகள்களிலும் இதே கதைதான். கார் பத்தில் ஒன்றாகச் சுருங்கினாலும் அலுமினியத் துகள் சுருங்குவதில்லை. உண்மைக் காரில் மெல்லிய பளபளப்பாகத் தெரிவது மாடலில் ஜரிகைப் பொடி போலத் தெரியும். கடையில் கிடைக்கும் வெள்ளிகளில் துகள் எது மிகப் பொடியாக இருக்கிறதோ அதுவே நமக்கு.

கோட் எண்ணிக்கை முடிவான பிறகு பாடிக்கு வாருங்கள். உட்புறத்தை வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரத் திரவத்திலும் கழுவி, நிழலில் உலர்த்தி, அதன்பின் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசையுள்ள ஒரு கைரேகை, ஒளி ஊடுருவும் சிவப்பின் வழியே காலத்துக்கும் தெரியும். சிலர் பெயின்ட் பிடிப்புக்காக உட்புறத்தை லேசாக உரசுவார்கள். இந்த மாதிரி நிறத்துக்கு நான் உரசுவதில்லை. கண்ணாடிகளுக்கான மாஸ்க்கை ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்துங்கள்.

உங்கள் காருக்குத் துணிக்கூரை இருப்பது ஒரு வசதி. கண்ணாடிகளோடு சேர்த்துக் கூரையையும் உட்புறத்தில் டேப்பால் மூடிவிடுங்கள். சிவப்பு, வெள்ளி இரண்டும் முடிந்ததும் கூரையின் டேப்பை மட்டும் உரித்துவிட்டு முழுப்பாடிக்கும் கறுப்பு அடியுங்கள். கறுப்பு வெள்ளிக்குப் பின்புலமாகவும் அமைந்துவிடும், கூரையின் நிறமாகவும் அமைந்துவிடும். கண்ணாடி மாஸ்க் கடைசிவரை இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து வெளிப்படலத்தை உரித்த பிறகு, மற்ற இடங்களை மூடிவிட்டுக் கூரையின் வெளிப்புறத்தில் பிஎஸ்-55 மேட் கிளியரை ஒரு தூவல் தூவினால் துணியின் மங்கல் வந்துவிடும்.

அடிக்கும்போது கேனை இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். இருபத்தைந்து முப்பது சென்டிமீட்டர் தூரம். பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். பாடியின் மேல் விசையை அழுத்தவும் வேண்டாம், விடவும் வேண்டாம். ஒளி ஊடுருவும் நிறத்தில் கனம்தான் நிறம். ஓர் இடத்தில் கை நின்றால் அங்கே சிவப்பு இருண்டு ஒரு தீவாகிவிடும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. மூலைகளும் பம்பரின் ஆழமான குழிகளும்தான் தகராறு செய்யும் இடங்கள். முதலில் அவற்றுக்கு மட்டும் தூரத்திலிருந்து ஒரு புகைமாதிரித் தூவல் கொடுத்துவிட்டு, பிறகு முழுப்பரப்பையும் குறுக்கும் நெடுக்குமாக அடியுங்கள். ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னும் பாடியை வெள்ளைத்தாள் மேல் கவிழ்த்து வெளியிலிருந்து பாருங்கள். எங்கே வெளிறியிருக்கிறது என்று தாள் காட்டிக்கொடுக்கும்.

சிவப்பு முடிந்ததும் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள்; ஓர் இரவு விட்டால் இன்னும் நல்லது. இந்த இடத்தில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. பிஎஸ் பெயின்ட்டின் கரைப்பான், அடியிலுள்ள பெயின்ட்டை மறுபடியும் இளக்கும். சிவப்பு சரியாகக் காயாமல் வெள்ளியை ஈரமாக அடித்தால் இரண்டும் கலந்து, கண்ணாடி போல நிற்க வேண்டிய சிவப்பு சேறாகும். வெளியிலிருந்து பார்த்தால் இளஞ்சிவப்புத் தேமல். எனவே வெள்ளியின் முதல் இரண்டு கோட் ஈரமே தெரியாத தூசியாக விழட்டும். கறுப்புக்கும் இதே எச்சரிக்கை. முதல் கோட் தூசி, அடுத்ததுதான் கொஞ்சம் கனம். அவசரமென்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஆட்டிக்கொண்டே காட்டலாம். ஒரே இடத்தில் பிடித்தால் பாடி நெளியும்.

பினாங்கில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நான் ஈப்போவில் இருக்கிறேன். நம் இருவருக்கும் பிற்பகல் மழை ஒன்றுதான். ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்வித்து, காற்றின் ஈரத்தை அதன்மேல் படியவைக்கும். பெயின்ட் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். கறுப்பின் பின்புறத்தில் வெளுத்தால் யாருக்கும் தெரியாது. சிவப்பின் முதல் கோட்டில் வெளுத்தால் அது பிளாஸ்டிக்கை ஒட்டியே நிற்கும், நேராகக் கண்ணில் படும். மழை இறங்கப்போகும் நேரத்தில் தொடங்காதீர்கள். வெயில் ஏறிய முற்பகல்தான் நம் ஊருக்கு ஏற்ற நேரம். ஏற்கெனவே லேசாக வெளுத்துவிட்டால் அடுத்த கோட்டை அவசரப்பட்டு மேலே ஏற்றாமல், உலர்ந்த அறையில் வைத்து மிதமான சூட்டில் உலர்த்திப் பாருங்கள். பல நேரம் தெளிந்துவிடும். கரைப்பான் ஆவிக்குத் துணி முகக்கவசமோ சாதாரணத் தூசிக் கவசமோ போதாது; கரி வடிகட்டி உள்ள கவசம் வாங்குங்கள். கடையில் யாராவது மெருகுக்காக இரண்டு பாகக் கிளியர் வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதைக் கெட்டியாக்கக் கலக்கும் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்குக் கெடுதல், இந்தப் பாடிக்கோ அது தேவையே இல்லை.

இதே கேள்வியை வேறு நிறத்தோடு கேட்க நினைப்பவர்களுக்காகச் சில வரிகள். துகள் இல்லாத சாதாரண நிறம் எளிது. கேனோ கலவையோ ஒத்துப்போனால் முடிந்தது. ஆனால் பின்னால் என்ன அடிக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மஞ்சளுக்கும் வெளிர்ச் சிவப்புக்கும் பின்னால் வெள்ளை. நேராகக் கறுப்பை அடித்தால் நிறம் அழுக்காகிவிடும். முத்து வெள்ளைக்கும் தலைகீழ் வரிசைதான்: முதலில் பிஎஸ்-58 முத்துக் கிளியர், அதற்குப் பின்னால் பிஎஸ்-1 வெள்ளை. வெள்ளையை முதலில் அடித்தால் முத்து அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யாருக்கும் தெரியாது. சுபாருவின் 02சி என்ற ராலி நீலத்தைத் தேடுபவர்கள் பிஎஸ்-16 மெட்டாலிக் நீலத்திலிருந்து தொடங்கலாம். பின்னால் வெள்ளி அடித்த பட்டை ஒன்று, கறுப்பு அடித்த பட்டை ஒன்று செய்து பாருங்கள். ஒரே நீலம் இரண்டு கார்களின் நீலமாகத் தெரியும்.

உங்கள் பாடி வெளியே பெயின்ட் அடிக்கும் கெட்டி ஏபிஎஸ் வகையாக இருந்தால் இந்தத் தலைகீழ்க் கணக்கு எதுவும் இல்லை. பிரைமர், வெள்ளி, சிவப்பு, கிளியர் என்று காரின் வரிசையே போதும், டச்-அப் பாட்டில்களும் அங்கே ஓரளவு பயன்படும். நீங்கள் அனுப்பிய விவரப்படி உங்களுடையது பாலிகார்பனேட்தான்.

வெளியிலுள்ள பாதுகாப்புப் படலத்தைக் கடைசிவரை உரிக்காதீர்கள். கறுப்பு அடித்து ஒரு முழு நாள் ஆன பிறகு உரியுங்கள். அதற்கு முன் படலத்தின் வழியே பார்த்து நிறம் மங்கலாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம்; படலத்தின் மங்கல்தான் அது. முதலில் உட்புறத்திலிருந்து கண்ணாடி மாஸ்க்கைத் தாழ்வாக மடக்கி உரியுங்கள், பிறகு வெளிப்படலத்தை ஒரு மூலையில் நகத்தால் கிளப்பி மெதுவாக இழுங்கள். விளக்கு, கிரில் ஸ்டிக்கர்களை அதன்பிறகு ஒட்டலாம்.

மூன்று வாரம் தாராளமான நேரம். இந்தச் சனிக்கிழமை முற்பகலில் பட்டைகளை அடித்து, ஞாயிறு காலையில் காரோடு ஒப்பிடுங்கள். அடுத்த வாரம் சிவப்பு, மறுநாள் வெள்ளியும் கறுப்பும். தேர்ந்தெடுத்த பட்டையின் பின்பக்கத்தில் எத்தனை கோட், எவ்வளவு தூரம், எந்தக் கேன் என்று மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள். பிறந்தநாளுக்குப் பிறகு அக்கா அந்த வண்டியை ஓட்டத்தான் செய்வார், எங்காவது மோதத்தான் செய்வார். அப்போது இன்னொரு பாடி அடிக்க அந்தப் பட்டை வேண்டும்.